‘நான் மீன் வெட்டிய கத்தி’: விச், ஹூம் முன்னால் ப்ரிபொசிஷன் வைப்பதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் மீன் வெட்டிய கத்தி. நான் மீன் வாங்கிய சந்தை. நான் மீன் கொடுத்த ஆள். மூன்றும் தமிழில் ஒரே அச்சு. வெட்டிய, வாங்கிய, கொடுத்த என்று ஒரு பெயரெச்சத்தைப் போட்டு, பின்னால் பெயரை வைத்தால் வேலை முடிந்தது. கத்தி‘யால்’, சந்தை‘யில்’, ஆளு‘க்கு’ என்ற உருபுகள் எங்கே போயின என்று யாரும் தேடுவதில்லை. கேட்பவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

ஆங்கிலத்தில் அந்த உருபின் வேலையைச் செய்யும் சொல், அதாவது ப்ரிபொசிஷன், வெளியே நின்றே ஆகவேண்டும். ‘த நைஃப் வித் விச் ஐ கட் த ஃபிஷ்’, ‘த மார்க்கெட் அட் விச் ஐ போட் த ஃபிஷ்’, ‘த மேன் டு ஹூம் ஐ கேவ் த ஃபிஷ்’. வித், அட், டு மூன்றும் மூன்று உறவு. தமிழில் நினைத்து எழுதுகிற பிள்ளை ‘த நைஃப் விச் ஐ கட் த ஃபிஷ்’ என்று எழுதுவது கவனக்குறைவால் அல்ல. தாய்மொழியில் அந்த இடம் வெறுமையாக இருப்பதால்தான். ஆகவே ‘வித் விச், இன் விச், டு ஹூம்’ என்று பட்டியலை மனப்பாடம் செய்வதில் பெரிய பயன் இல்லை. ஒளிந்துபோன உருபை வெளியே எடுக்கப் பழகினால் பாதி வேலை முடியும். மீதிப் பாதி, அந்த உருபை ஆங்கிலம் எங்கே ஏற்கும், எங்கே ஏற்காது என்பது.

சாதாரண தரம் எழுதுபவர்களுக்கும், உயர்தரத்தில் பொது ஆங்கிலம் படிப்பவர்களுக்கும், ஆங்கிலத்தில் விண்ணப்பமும் கடிதமும் எழுதவேண்டியவர்களுக்கும் இது பொருந்தும். உதாரணங்களை ஒலிப்படி தமிழெழுத்தில் தந்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் வாசித்தவுடன் கொப்பியில் ஆங்கில எழுத்தில் எழுதிப் பாருங்கள். கண்ணால் மட்டும் வாசித்தால் கையில் நிற்காது.

எப்போது தேவை, எப்போது தேவையில்லை

நன்னூல் பெயரெச்சத்துக்குப் பின் வரும் பெயரை ஆறு வகையாக்குகிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். பள்ளிக்கூடத் தமிழ்ப் பாடத்தில் படித்து மறந்த இந்த ஆறும் ஆங்கிலத்துக்குத்தான் அதிகம் உதவும். ‘சாப்பிட்ட’ என்ற ஒரே சொல்லை வைத்துப் பாருங்கள்.

சாப்பிட்ட பிள்ளை: பிள்ளைதான் செய்தது. ‘த சைல்ட் ஹூ ஏட்’. ப்ரிபொசிஷன் இல்லை. சாப்பிட்ட சோறு: சோற்றைச் சாப்பிட்டது. ‘த ரைஸ் விச் த சைல்ட் ஏட்’. இதிலும் இல்லை. செயல் வகையும் இப்படியே, சாப்பிட்ட சாப்பாட்டுக்கு எதுவும் வேண்டாம். மற்ற மூன்றுக்கும் வேண்டும். சாப்பிட்ட கோப்பை ‘த ப்ளேட் ஃப்ரொம் விச் த சைல்ட் ஏட்’. சாப்பிட்ட வீடு ‘த ஹவுஸ் இன் விச் த சைல்ட் ஏட்’. சாப்பிட்ட நாள் ‘த டே ஒன் விச் த சைல்ட் ஏட்’. இவற்றோடு ‘கொடுத்த ஆள்’, ‘போன ஊர்’, ‘பேசிய விடயம்’ போன்ற உறவுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எழுவாயாகவோ, ‘ஐ’ ஏற்கும் செயப்படுபொருளாகவோ இருந்தால் ப்ரிபொசிஷன் வேண்டாம். வேறு எந்த உருபு மறைந்திருந்தாலும் ஒன்று தேவைப்படும். பத்துக்கு எட்டு இடத்தில் இது சரிவரும். மீதி இரண்டு இடத்தைப் பின்னால் பார்ப்போம்.

ஐந்து படிகள்

உதாரணம்: நாங்கள் வாவியைக் கடந்த பாதை. குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போகிறவர்களுக்கு ‘பாதை’ என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி வாவியைக் கடத்திவிடும் மிதவை அது, ஆங்கிலத்தில் ஃபெரி.

முதலாம் படி, பெயரெச்சத்தை முற்றுவினையாக்கிப் பெயரை வாக்கியத்துக்குள்ளே திருப்பிப் போடுவது. ‘நாங்கள் பாதையில் வாவியைக் கடந்தோம்.’ ஒளிந்திருந்த ‘இல்’ இப்போது வெளியே வந்துவிட்டது.

இரண்டாம் படி, அந்தச் சிறு வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்வது. ‘வீ க்ரொஸ்ட் த லகூன் ஒன் த ஃபெரி.’ ப்ரிபொசிஷனைத் தெரிவு செய்யும் இடம் இதுதான். இங்கே பிழைத்தால் கடைசிவரை பிழை.

மூன்றாம் படி, ‘த ஃபெரி’யை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘விச்’. ஆளாக இருந்தால் ‘ஹூம்’. ‘வீ க்ரொஸ்ட் த லகூன் ஒன் விச்.’

நான்காம் படி, ‘ஒன் விச்’ இரண்டையும் பிரிக்காமல் முன்னுக்குக் கொண்டுவருவது. ‘ஒன் விச் வீ க்ரொஸ்ட் த லகூன்.’

ஐந்தாம் படி, பெயருக்குப் பின்னால் ஒட்டி, வாக்கியத்தை முடிப்பது. ‘த ஃபெரி ஒன் விச் வீ க்ரொஸ்ட் த லகூன் வொஸ் ஃபுல்.’ அந்த ‘வொஸ் ஃபுல்’ தான் முதன்மை வினை. கஷ்டப்பட்டு ‘ஒன் விச்’ சரியாக வைத்த பிறகு ‘லகூன்’ என்ற இடத்திலேயே முற்றுப்புள்ளி குத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. அது வாக்கியமல்ல, நீண்ட பெயர்த்தொடர்.

எழுதி முடித்ததும் பழைய இடத்தில் ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று பாருங்கள். ‘த ஃபெரி ஒன் விச் வீ க்ரொஸ்ட் த லகூன் ஒன்’ என்று இரண்டாம் தடவை ‘ஒன்’ வரக்கூடாது. ‘த நைஃப் வித் விச் ஐ கட் த ஃபிஷ் வித் இட்’ என்று ‘இட்’டும் வரக்கூடாது. சொல் ஒரு தடவைதான் செலவாகும்.

இனி ‘நாங்கள் வந்த பாதை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தெருவென்றால் ‘த ரோட் பை விச் வீ கேம்’. மிதவையென்றால் ‘த ஃபெரி ஒன் விச் வீ கேம்’. தமிழில் ஒரு சொல் மாறவில்லை, ஆங்கிலத்தில் இரண்டு சொல் மாறிவிட்டன. முதலாம் படியைத் தாவக்கூடாதென்பது இதற்காகத்தான்.

உருபிலிருந்து ப்ரிபொசிஷனுக்கு

‘ஆல்’ வந்தால் கருவிக்கு வித், வழிமுறைக்கு பை. ‘ஓடு, உடன்’ வந்தால் வித். ‘இலிருந்து, இடமிருந்து’ இரண்டுக்கும் ஃப்ரொம். அம்பாறை வயல்கள் தண்ணீர் பெறும் சேனாநாயக்க சமுத்திரத்தைச் சொல்வதானால் ‘த ரிசர்வொயர் ஃப்ரொம் விச் த ஃபீல்ட்ஸ் கெட் வோட்டர்’. ‘பற்றி’ என்றால் அபவுட், ‘ஊடாக’ என்றால் த்ரூ, ‘கீழே’ என்றால் அண்டர். ‘கு’ வந்தால் போய்ச்சேரும் இடத்துக்கும் பெறுபவருக்கும் டு, பயனடைபவருக்கும் நோக்கத்துக்கும் ஃபோர்.

கஷ்டமானது ‘இல்’. தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று.

உள்ளே அடங்கியதற்கும், ஊர், மாவட்டம், நாடு போன்றவற்றுக்கும் இன்: ‘த டிஸ்ட்ரிக்ட் இன் விச் அறுகம் பே லைஸ்’. மேற்பரப்புக்கும் தெருவுக்கும் தீவுக்கும் ஒன். மட்டக்களப்புக் கோட்டை நிற்கும் புளியந்தீவை ‘த ஐலண்ட் ஒன் விச் த ஃபோட் ஸ்டாண்ட்ஸ்’ என்றுதான் எழுதவேண்டும். ‘தீவில்’ என்பது ‘தீவுக்குள்’ என்று காதில் விழுவதால் ‘இன்’ போடத் தோன்றும். சிறு தீவானால் அது பிழை. ஒரு புள்ளியாக, ஒரு நிறுவனமாக நினைக்கும் இடத்துக்கு அட்: ‘த யுனிவர்சிட்டி அட் விச் ஷீ ஸ்டடீட்’. ஒலுவிலானாலும் வந்தாறுமூலையானாலும் பல்கலைக்கழகத்துக்கு அட்.

வாகனத்துக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. உள்ளே எழுந்து நடக்கக்கூடியவற்றுக்கும், மேலே ஏறி இருந்து ஓட்டுபவற்றுக்கும் ஒன்: பஸ், ரயில், கப்பல், பாதை, சைக்கிள், மோட்டார் சைக்கிள். குனிந்து ஏறி உட்கார்ந்தே இருக்கவேண்டியவற்றுக்கு இன்: கார், ஓட்டோ, சின்னத் தோணி. ‘த பஸ் ஒன் விச் ஐ கேம்’, ‘த கார் இன் விச் ஐ கேம்’. ‘பை பஸ்’ என்று படித்ததால் ‘த பஸ் பை விச் ஐ கேம்’ என்று சிலர் எழுதுவார்கள். ‘பை’ வாகன வகையைச் சொல்லும்போது பொருந்தும். குறிப்பிட்ட ஒரு பஸ்ஸைச் சொல்லும்போது ‘ஒன்’ தான் இயல்பு.

காலத்துக்கும் மூன்று. சூறாவளி மட்டக்களப்பைத் தாக்கிய 1978ஆம் ஆண்டுக்கு ‘த இயர் இன் விச்’, அது தாக்கிய நவம்பர் 23க்கு ‘த டே ஒன் விச்’, மணிக்கு ‘த அவர் அட் விச்’. ஆண்டு, மாதம், நூற்றாண்டு என்றால் இன். நாள், திகதி என்றால் ஒன். மணி, கணம் என்றால் அட். நீண்டு நடந்த காலப்பகுதிக்கு டியூரிங்: ‘த பீரியட் டியூரிங் விச் த ஸ்கூல்ஸ் வேர் க்ளோஸ்ட்’.

உருபு ஏமாற்றும் இடங்கள்

மேலே மீதி வைத்த இரண்டு இடம் இவை. ப்ரிபொசிஷனைத் தீர்மானிப்பது கடைசியில் ஆங்கில வினைதான். தமிழ் உருபு வழிகாட்டி மட்டும்.

தமிழில் உருபு இருக்கும், ஆங்கிலத்தில் ஒன்றும் இருக்காது. அவர் கலியாணம் முடித்த பெண்: தமிழில் ‘பெண்ணோடு கலியாணம்’ என்று நினைத்து ‘வித் ஹூம் ஹீ மரீட்’ என்று எழுதுவார்கள். மரி என்ற வினை நேரே செயப்படுபொருளை எடுக்கும்: ‘த வுமன் ஹூம் ஹீ மரீட்’. கேள்வி‘க்கு’ப் பதில் சொன்னாலும் ‘த க்வெஸ்சன் விச் ஐ ஆன்சர்ட்’. ஊரு‘க்கு’ப் போய்ச் சேர்ந்தாலும் ‘த டவுன் விச் வீ ரீச்ட்’. அறை‘க்குள்’ நுழைந்தாலும் ‘த ரூம் விச் ஷீ என்டர்ட்’. விடயத்தை‘ப் பற்றி’க் கலந்துரையாடினாலும் ‘த மேட்டர் விச் வீ டிஸ்கஸ்ட்’. அதே விடயத்தைப் பற்றிப் ‘பேசினால்’ மட்டும் ‘அபவுட் விச் வீ டோக்ட்’. வினையை மாற்றினால் ப்ரிபொசிஷனும் மாறும்.

மறுபக்கம், தமிழில் ‘ஐ’ மட்டும் இருக்கும், ஆங்கிலத்தில் ப்ரிபொசிஷன் வேண்டும். நான் கேட்ட பாட்டு: பாட்டை‘க்’ கேட்டேன். ஆனால் லிசன் என்ற வினைக்கு டு வேண்டும்: ‘த சோங் டு விச் ஐ லிசன்ட்’. ஹியர் போட்டால் வேண்டாம். அவர் நம்பியிருந்த தொழில்: ‘த ஜொப் ஒன் விச் ஹீ டிபெண்டட்’. கடிதத்தில் குறிப்பிட்ட திகதி: ‘த டேட் டு விச் த லெட்டர் ரெஃபர்ஸ்’, மென்ஷன் என்றால் ‘த டேட் விச் த லெட்டர் மென்ஷன்ஸ்’.

அடைமொழிகளும் இப்படித்தான். ரெஸ்பொன்சிபிள் ஃபோர், இன்டரெஸ்டட் இன், ப்ரௌட் ஒஃப், ஃபெமிலியர் வித், கேபபிள் ஒஃப். ‘த சப்ஜெக்ட் இன் விச் ஷீ இஸ் இன்டரெஸ்டட்’. புதிய வினையோ அடைமொழியோ படிக்கும்போது அதனுடன் வரும் ப்ரிபொசிஷனையும் சேர்த்தே கொப்பியில் எழுதுங்கள். ‘டிபெண்ட்’ என்று தனியாக எழுதி வைத்தால் பரீட்சை நேரத்தில் பயன்படாது, ‘டிபெண்ட் ஒன்’ என்று எழுதினால் பயன்படும்.

பெயரே தீர்மானிக்கும்போது

சில பெயர்கள் எந்த வினை வந்தாலும் தங்களுக்குரிய ப்ரிபொசிஷனை விடமாட்டா. கட்டுரை எழுதுபவர்களுக்கு இந்தப் பகுதிதான் அதிகம் உதவும். உயர்தரத்துக்குப் பிறகு வாசிக்கும் ஆங்கிலப் புத்தகங்களில் பக்கத்துக்கு ஒன்றாவது இவற்றில் இருக்கும்.

அளவிடக்கூடியவை பெரும்பாலும் அட் எடுக்கும். விலை, வேகம், வீதம், வெப்பநிலை. ‘த ப்ரைஸ் அட் விச் பேடி இஸ் சோல்ட்’. கடல்மட்டத்தில் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை 100 பாகை செல்சியஸ்; அதை ‘த டெம்பரேச்சர் அட் விச் வோட்டர் பொயில்ஸ்’ என்று எழுதவேண்டும், ‘இன்’ அல்ல.

விதம் என்ற பொருளில் வே, மேனர் இரண்டுக்கும் இன். ‘த வே இன் விச் த நெட் இஸ் மெய்ட்’. இங்கே ‘த வே ஹவ்’ என்பது பிழை. ‘எப்படி’ என்பது தமிழில் வருவதால் கை தானாக ‘ஹவ்’ எழுதும். ‘த வே தட்’, ஒன்றுமில்லாமல் ‘த வே த நெட் இஸ் மெய்ட்’, இரண்டும் சரி. வழிமுறை என்ற பொருளில் மீன்ஸ், மெதட், ப்ரொசஸ் வந்தால் பை.

எக்ஸ்டென்ட், டிக்ரீ இரண்டுக்கும் டு: ‘த எக்ஸ்டென்ட் டு விச் த க்ரொப் வொஸ் டேமேஜ்ட்’. வெள்ளத்தால் பயிர் எவ்வளவு தூரம் சேதமானது என்ற ஒரு வசனம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். அறிக்கை எழுதுபவர்கள் இந்த ஒன்றையாவது பழகிக்கொள்ளவேண்டும்.

நோக்கத்துக்கு ‘த பர்பஸ் ஃபோர் விச்’, காரணத்துக்கு ‘த ரீசன் ஃபோர் விச்’. அடிப்படைக்கு ‘த பேசிஸ் ஒன் விச்’, நியாயங்களுக்கு ‘த க்ரௌண்ட்ஸ் ஒன் விச்’. நிபந்தனைக்கு ‘த கண்டிஷன்ஸ் அண்டர் விச்’. ஈஸ், கேர் இரண்டுக்கும் வித்: ‘த கேர் வித் விச் ஷீ வ்ரோட்’. பலரும் தவறும் இடம் திசை. போன திசை என்றால் ‘திசைக்கு, திசை நோக்கி’ என்று டு போடத் தோன்றும். ஆங்கிலத்தில் ‘த டிரெக்ஷன் இன் விச் ஹீ வென்ட்’.

சந்தேகம் வந்தால் பெயரைத் தனியாக ஒரு சிறு தொடரில் சொல்லிப் பாருங்கள். ‘அட் திஸ் ப்ரைஸ்’, ‘இன் திஸ் வே’, ‘டு சம் எக்ஸ்டென்ட்’, ‘அண்டர் தீஸ் கண்டிஷன்ஸ்’. காதில் பழகிய தொடர் எதுவோ, விச் முன்னால் நிற்பதும் அதுவே.

விச், ஹூம், ஹூஸ்: வேறு யாரும் இல்லை

ப்ரிபொசிஷனுக்கு உடனே பின்னால் நிற்கக்கூடியவை இந்த மூன்றும்தான். பொருளுக்கு விச், ஆளுக்கு ஹூம், உடைமைக்கு ஹூஸ். ‘டு ஹூ’ எழுத்து நடையில் பிழை. ‘இன் தட்’, ‘வித் தட்’ ஒருபோதும் வராது. ‘தட்’ போட விரும்பினால் ப்ரிபொசிஷனைக் கடைசிக்குத் தள்ளவேண்டும்: ‘த நைஃப் தட் ஐ கட் த ஃபிஷ் வித்’. ‘தட்’டை விட்டுவிட்டு ‘த நைஃப் ஐ கட் த ஃபிஷ் வித்’ என்றாலும் சரி. ஆனால் கடைசி ‘வித்’தை விடமுடியாது.

ஹூஸ் வந்தால் அதற்குப் பின்னால் பெயர் உடனே வரவேண்டும்: ‘த ஃபிஷர்மன் இன் ஹூஸ் கனூ வீ க்ரொஸ்ட்’, அதாவது எந்த மீனவரின் தோணியில் கடந்தோமோ அந்த மீனவர்.

‘வெயார், வென், வை’ மூன்றும் ப்ரிபொசிஷனைத் தமக்குள்ளேயே வைத்திருக்கின்றன. இன் விச், அட் விச் இரண்டும் இடத்தைக் குறித்தால் வெயார். ஒன் விச் நாளைக் குறித்தால் வென். ஃபோர் விச் காரணத்தைக் குறித்தால் வை. எனவே ‘த ஹவுஸ் இன் வெயார்’, ‘த ஹவுஸ் வெயார் ஐ லிவ் இன்’ இரண்டும் பிழை. ‘த ப்ளேஸ் ஃப்ரொம் வெயார்’ மட்டும் விதிவிலக்காக வழக்கில் இருக்கிறது.

முன்னாலா, கடைசியிலா

‘வாக்கியத்தை ப்ரிபொசிஷனில் முடிக்கக்கூடாது’ என்று இன்றும் வகுப்பில் சொல்லப்படுகிறது. அது இலக்கண விதி அல்ல. 1672இல் கவிஞர் ஜோன் ட்ரைடன், தனக்கு முந்திய நாடகாசிரியர் பென் ஜோன்சனின் வரி ஒன்று அப்படி முடிந்ததைக் குறையாகச் சொன்னார். 1762இல் ரொபர்ட் லௌத் தன் இலக்கணத்தில் கடைசியில் விடுவது பேச்சுக்கும் சாதாரண எழுத்துக்கும் பொருந்தும், முன்னால் வைப்பது கம்பீரமான நடைக்கு நல்லது என்று நிதானமாகப் பிரித்தார். அந்த நிதானம் பின்வந்த பாடநூல்களில் காணாமல்போய்த் தடையாகிவிட்டது. மொழியியலில் முன்னுக்கு இழுத்துவரும் இந்த அமைப்புக்கு ‘பைட் பைப்பிங்’ என்று பெயர். குழலூதிக்குப் பின்னால் எலிகள் போன ஹாமெலின் கதையை வைத்து ஜோன் ரொபர்ட் ரோஸ் 1967இல் தன் ஆய்வேட்டில் பயன்படுத்திய பெயர் அது. விச் முன்னே போக, ப்ரிபொசிஷனும் கூடவே போகிறது.

நடைமுறையில் லௌத் சொன்னதே இன்றும் சரி. வட்ஸ்அப்பில் நண்பருக்கு ‘த பர்சன் டு ஹூம் ஐ ஸ்போக்’ என்று அனுப்பினால் சிரிப்பார். ‘த பர்சன் ஐ ஸ்போக் டு’ போதும். வங்கிக் கடிதம், வேலை விண்ணப்பம், பரீட்சைக் கட்டுரை என்றால் முன்னால் வையுங்கள். ஒரே கடிதத்தில் இரண்டையும் மாறிமாறிக் கலக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் சில இடத்தில் தெரிவே கிடையாது. வினையோடு ஒட்டி ஒரே பொருளான சிறு சொற்களை முன்னால் இழுக்கமுடியாது. லுக் ஆஃப்டர் என்றால் பராமரிப்பது. ‘த சைல்ட் ஹூம் ஷீ லுக்ட் ஆஃப்டர்’ சரி. ‘ஆஃப்டர் ஹூம் ஷீ லுக்ட்’ என்றால் பிள்ளை போன பின்னால் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள் என்றுதான் விளங்கும். படிவம் நிரப்புவது ஃபில் இன்: ‘த ஃபோர்ம் விச் ஐ ஃபில்ட் இன்’. இதை ‘இன் விச் ஐ ஃபில்ட்’ என்று மாற்றினால் எதை நிரப்பினீர்கள் என்று கேள்வி வரும். புட் அப் வித், கிவ் அப், கம் அக்ரொஸ், ரன் இன்டு எல்லாம் இந்தக் கூட்டம்.

இதற்கு நேர்மாறாக, கட்டாயம் முன்னால் வரவேண்டியவையும் உண்டு. டியூரிங் விச், த எக்ஸ்டென்ட் டு விச், பை மீன்ஸ் ஒஃப் விச், அஸ் எ ரிசல்ட் ஒஃப் விச். ‘த பீரியட் விச் த ஸ்கூல்ஸ் வேர் க்ளோஸ்ட் டியூரிங்’ என்று யாரும் எழுதுவதில்லை.

‘அவற்றில் இரண்டு, அவர்களில் சிலர்’

கிழக்கு மாகாணத்தில் மூன்று மாவட்டங்கள்; அவற்றில் இரண்டு மட்டக்களப்பும் அம்பாறையும். தமிழில் அரைப்புள்ளி போட்டுத் தொடரலாம். ஆங்கிலத்தில் காற்புள்ளிக்குப் பின் ‘டூ ஒஃப் தெம் ஆர்’ என்று எழுதினால் இரண்டு முழு வாக்கியத்தைக் காற்புள்ளியால் ஒட்டிய பிழை. ‘த ஈஸ்டர்ன் ப்ரொவின்ஸ் ஹேஸ் த்ரீ டிஸ்ட்ரிக்ட்ஸ், டூ ஒஃப் விச் ஆர் பட்டிகலோ அண்ட் அம்பாற.’ ஆட்களானால் ஒஃப் ஹூம். சம், மெனி, மோஸ்ட், ஓல், நன், ஈச், எண்கள் எல்லாம் இப்படியே. முன்னால் காற்புள்ளி கட்டாயம்.

காற்புள்ளியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பெயர் ஏற்கெனவே தனித்து அடையாளம் தெரிந்ததாக இருந்தால் இரண்டு பக்கமும் காற்புள்ளி வேண்டும். கல்லடிப் பாலம் எது என்று விச் வந்து சொல்லத் தேவையில்லை: ‘த ஓல்ட் கல்லடி பிரிட்ஜ், ஓவர் விச் பீப்பிள் ஸ்டில் வோக், வொஸ் ஓபன்ட் இன் 1924’. ‘எ பிரிட்ஜ் ஓவர் விச் பஸ்ஸஸ் கோ’ என்று ஏதோ ஒரு பாலமானால் காற்புள்ளி வேண்டாம். காற்புள்ளி போட்ட இடத்தில் ‘தட்’ வராது.

இருக்க ஒரு வீடு

தமிழின் ‘வெட்ட ஒரு கத்தி’, ‘இருக்க ஒரு கதிரை’ போன்றவற்றிலும் அதே உருபு ஒளிந்திருக்கிறது. ‘எ சேயர் டு சிட்’ பிழை. ‘எ சேயர் டு சிட் ஒன்’, அல்லது எழுத்து நடையில் ‘எ சேயர் ஒன் விச் டு சிட்’. வீட்டுக்கு ‘எ ஹவுஸ் டு லிவ் இன்’ அல்லது ‘இன் விச் டு லிவ்’. ‘எ ஹவுஸ் விச் டு லிவ் இன்’ என்ற கலவை மட்டும் இல்லை.

பெயரெச்சம் போலத் தெரியும், ஆனால் இல்லை

‘அவர் சொன்ன செய்தி’, ‘அவர் வந்த செய்தி’. இரண்டையும் முதலாம் படியில் போட்டுப் பாருங்கள். ‘அவர் செய்தியைச் சொன்னார்’ சரிவருகிறது. ‘அவர் செய்தியால் வந்தார், செய்தியில் வந்தார்’ எதுவும் பொருந்தவில்லை. செய்தியின் உள்ளடக்கமே ‘அவர் வந்தார்’ என்பதுதான். பெயரை உள்ளே திருப்பிப் போட இடமில்லாவிட்டால் விச்சும் இல்லை, ப்ரிபொசிஷனும் இல்லை; வெறும் ‘தட்’: ‘த நியூஸ் தட் ஹீ கேம்’. ஃபேக்ட், ஐடியா, ரூமர், ஹோப் எல்லாம் இப்படி வரும். ‘செய்தி வந்த பத்திரிகை’ என்றால் இடம் இருக்கிறது, ‘த பேப்பர் இன் விச் த நியூஸ் அப்பியர்ட்’.

எழுதிப் பார்க்க

விடையை மூடிக்கொண்டு செய்யுங்கள்.

அவர் வேலை செய்யும் கந்தோர். நான் கடன் வாங்கிய நண்பன். நான் கடன் கொடுத்த நண்பன். பிள்ளைகள் பயப்படும் நாய். நாங்கள் நிழலுக்கு நின்ற மரம். அவர் தேர்தலில் தோற்ற செய்தி. அவர் கலந்துகொண்ட கூட்டம்.

விடைகள்: ‘த ஒஃபிஸ் இன் விச் ஹீ வேர்க்ஸ்’. ‘த ஃப்ரெண்ட் ஃப்ரொம் ஹூம் ஐ பொரோட் மணி’. கொடுத்தவனானால் ‘டு ஹூம் ஐ லென்ட் மணி’. ‘த டோக் ஒஃப் விச் த சில்ட்ரன் ஆர் அஃப்ரெய்ட்’. நாய்‘க்கு’ப் பயம் என்பதால் டு போட்டிருந்தால், எதைக் கண்டு பயமோ அதற்கு அஃப்ரெய்ட் ஒஃப் எடுக்கும் என்று குறித்துக்கொள்ளுங்கள். ‘த ட்ரீ அண்டர் விச் வீ ஸ்டூட்’. தமிழில் ‘கீழே’ என்ற சொல்லே இல்லை, முதலாம் படியில் நீங்கள்தான் சேர்த்திருக்கவேண்டும். ‘த நியூஸ் தட் ஹீ லொஸ்ட் த இலெக்ஷன்’. கூட்டத்துக்கு இரண்டு விடை: அட்டெண்ட் எடுத்தவர்கள் ‘த மீட்டிங் விச் ஹீ அட்டெண்டட்’ என்று எழுதியிருக்கவேண்டும், பாட்டிசிபேட் எடுத்தவர்கள் ‘த மீட்டிங் இன் விச் ஹீ பாட்டிசிபேட்டட்’. ‘இன் விச் ஹீ அட்டெண்டட்’ என்று எழுதியிருந்தால், இரண்டாம் படியில் சிறு வாக்கியத்தை எழுதாமல் தாவியிருக்கிறீர்கள்.